வார்த்தைக்குத் தலை போதும்

குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே எழுதுகிறேன். ஒரு சட்டை மடிப்பேன், ஒரு வரி எழுதுவேன். மடித்த சட்டையை என் மகள் எடுத்துக் கலைப்பாள். மறுபடி மடிப்பேன். வரியை அவளால் கலைக்க முடியாது, அந்த மட்டில் நிம்மதி.

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது.

தகர டப்பா செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. டப்பாவுக்கு மூடி அழுத்துகிற மிஷினில் நைட் ஷிப்ட். ராத்திரி பூரா டமார் டமார் என்ற சத்தத்தில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பார். படுத்தபிறகு வீட்டில் குண்டூசி விழக் கூடாது. எங்களுக்கு இருப்பது ஒரு ரூம், ஒரு சமையலறை. நடுவில் கதவு இல்லை, திரை. திரை சத்தத்தை எங்கே தடுக்கும்? அதற்கும் அவர் மேல் பயம்தான், ஆடாமல் நிற்கும்.

அதனால் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. பாத்திரத்தை நான் தேய்ப்பதில்லை, தடவிக்கொடுப்பேன். குழந்தை அழ வாயைத் திறந்தால் அள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவேன். பகல் முழுக்கப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்ததால் கட்டிடத்தில் பாதிப் பேர் என்னைப் புருஷனோடு கோபித்துக்கொண்டவள் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் கட்டிடத்துக்குக் காவல் என்று நினைத்து, பார்சல் வந்தால் வாங்கி வைக்கச் சொன்னார்கள்.

என் மகள் முதன்முதலாகப் பேசிய வார்த்தை அம்மா இல்லை. அப்பாவும் இல்லை. ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து, "உஷ்" என்றாள்.

அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சத்தமில்லாமல்தான்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் ஒரு பகல் வேலை காலியானது. டப்பாக்களை வெளியூர் அனுப்புகிற ஆபீசில் மேஜை, நாற்காலி, ஃபேன். அங்கே வருகிற கடிதமெல்லாம் இங்கிலீஷ் என்பதால் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரு இங்கிலீஷ் வார்த்தை கொடுத்து, இதே அர்த்தத்தில் இன்னொரு வார்த்தை எது என்று கேட்பார்களாம். பக்கம் பக்கமாக அதுதானாம்.

எனக்கு அந்தப் பரீட்சையில் ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இவர் பாஸ் ஆனால் என் குழந்தை பகலில் அழலாம்.

வேண்டாத சாமியில்லை. சாமி கேட்டது. ஆனால் சாமிக்கு முன்னால் ஷார்ட்கட் என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டார்.

ஷார்ட்கட் என்பது பக்கத்து மிஷின்காரர். எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பார். ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் டிபன்பாக்சைக்கூட வைக்காமல் வாசலில் நின்று பிரகடனம் செய்தார்.

"இனிமே ஒரு வார்த்தையும் நான் மனப்பாடம் பண்ணப் போறதில்ல."

"ஏங்க? பரீட்சை எழுதலையா?"

"எழுதுவேன். ஆனா வார்த்தை படிக்க மாட்டேன். தலை மட்டும் படிப்பேன்."

"எந்தத் தலை?"

"வார்த்தையோட தலை. இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்துக்கும் முன்னால ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கு. அது லத்தீன். ப்ரீன்னா முன்னாடி. போஸ்ட்னா பின்னாடி. சப்னா கீழே. எக்ஸ்னா வெளியே. அன், இன், இம், இதெல்லாம் வந்தா இல்லைன்னு அர்த்தம். தலை தெரிஞ்சா உடம்பு தானா வரும்."

"லத்தீன்னா?"

"அது ஒரு பழைய பாஷை. இப்ப யாரும் வீட்ல பேசறதில்ல."

நம் வீட்டில்கூட யாரும் பேசுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் தூங்கும் நேரமாகியிருந்தது.

"ஷார்ட்கட் அண்ணன் இந்த மாதிரிப் படிச்சுப் பாஸ் பண்ணியிருக்காரா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவனுக்கு நேரம் சரியில்ல. வழி சரியானது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலை ராஜ்ஜியம். கண்ணில் பட்ட வார்த்தையை எல்லாம் தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"போஸ்ட்போன். கேளு. போஸ்ட்னா பின்னாடி. போனுக்குப் பின்னாடி வந்தது. என்னது?"

"தெரியலைங்க."

"செல்போன்!"

எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும்தான் வந்தது. அதற்குள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் செல்போன் என்று அவர் சொன்னபோது, ஆமாம், சரியாகத்தானே இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு பல்லி கத்தியது.

"ஏங்க, இம் வந்தா இல்லைன்னு சொன்னீங்களே. அப்போ இம்பார்ட்டன்ட்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது ஒண்ணு மட்டும் அப்படி."

"அங்கிள்? இங்கிலீஷ்ல எழுதினா அதுல அன் இருக்கே."

"நீ போய்க் குழந்தையைப் பாரு."

குழந்தையைப் பார்த்தேன். அவள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் தலையெழுத்து இந்தத் தலைகளிடம் மாட்டிக்கொண்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முழுசாகத் தெரிந்தது இருமல் வந்தபோது.

அவருக்கு மூன்று நாளாக விடாத இருமல். மருந்துக் கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கி வந்தேன். ஒரு மூடி குடிக்கச் சொன்னார்கள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எக்ஸ்பெக்டோரன்ட் என்று போட்டிருந்ததாம். அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

"அடடா. எக்ஸ்னா வெளியே. பெக்டோர்னா மார்பு. ஷார்ட்கட் சொல்லியிருக்கான். மார்புக்கு வெளியே. அதாவது மேல தடவுற மருந்து."

"குடிக்கச் சொன்னாங்கங்க. மூடிகூட அளவு பார்த்துத்தானே குடுத்திருக்காங்க?"

"கடைக்காரருக்கு லத்தீன் தெரியுமா?"

"தெரியாதுங்க. மருந்து தெரியும்."

"எதிர்த்துப் பேசாதே. துணி கொண்டா."

சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு முழுக்க, இரண்டு விலாவிலும், பாக்கியை முதுகிலும் தடவிக்கொண்டார். என்னைத் தேய்த்துவிடச் சொன்னார். தேய்த்தேன். சர்க்கரைப் பாகு மாதிரி இழுத்தது. "சூடு ஏறுது பாரு" என்றார். அது வெயில். ஜன்னல் திறந்திருந்தது.

படுத்தார். போர்வை அவரோடு ஒட்டிக்கொண்டது. தலையணை உறையும் சேர்ந்துகொண்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு அலறல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பகலில் எங்கள் வீட்டில் எழுந்த முதல் சத்தம் அது.

ஓடிப் போய்ப் பார்த்தால், ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரே எறும்பு வரிசை. கட்டிலில் என் வீட்டுக்காரர் போர்வையோடு எழுந்து குதித்துக்கொண்டிருக்கிறார். போர்வை கழன்றால்தானே?

"எடு! பிச்சு எடு! ஐயோ, முதுகு!"

"மெதுவாங்க, கத்தாதீங்க. தூக்கம் கெட்டுடும்."

யாருடைய தூக்கம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். பழக்கம்.

குளிப்பாட்டிவிட்டுத் துணியை எல்லாம் ஊறப் போட்டேன். அதன் பிறகாவது தலையை விடுவார் என்று பார்த்தேன். அவர் ஈரத் தலையோடு உட்கார்ந்து சொன்னது இது: "வழி சரிதான். மருந்துல சர்க்கரை போட்டது அவனுங்க தப்பு."

நான் படிக்கட்டுக்குத் திரும்பிப் போனேன். அங்கே பல்லக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல்லக்கா பக்கத்து வீடு. பல் டாக்டரிடம் காலை வேளையில் வேலை பார்க்கிறாள், அதனால் கட்டிடம் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். அவள் சிரித்தால் எல்லா மாடிக்கும் கேட்கும். அவள் வீட்டுக்காரரும் அதே டப்பா கம்பெனிதான், பகல் ஷிப்டில் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர். அந்த அண்ணன் குரலை நான் கேட்டதே இல்லை. பல்லக்கா பேசி முடித்தால்தானே அவர் ஆரம்பிக்க முடியும்? இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று பெயர். அட்டை என்று சொன்னாலே அதற்கு மரியாதைதான்.

"சுவர் வழியா எல்லாம் கேட்டேன் தங்கச்சி. லத்தீன் எறும்பு கடிச்சுதா தம்பியை?"

"சிரிக்காதீங்க அக்கா. பரீட்சை வருது. இவரு இப்படியே போய் எழுதினா இந்தக் குழந்தை கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் விரலை உதட்டுலயே வச்சுட்டு இருக்கும்."

"தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்குவாரு."

"அதுவும் சரிதான். எங்க வீட்டுக்காரர்கிட்ட, போற வழி தப்புன்னு ஒரு தடவை சொன்னேன். அன்னைக்கு ஊரையே சுத்திட்டு வந்தோம்."

எனக்குப் பொதுவாக எதுவும் தோன்றாது. தோன்றினாலும் வாய்க்கு வராது. அன்றைக்கு ஊறப் போட்ட துணி ஞாபகம் வந்ததாலோ என்னவோ, வந்தது.

"அக்கா, நீங்க அவர்கிட்டப் படிக்க வரீங்களா?"

"நானா? எதுக்கு?"

"நீங்க கேள்வி கேட்பீங்க. அவருக்குத் தெரியாது. உங்க முன்னால தெரியலைன்னு சொல்ல மாட்டாரு. அப்போ எங்கேயாவது போய்ப் படிச்சுட்டுத்தானே வரணும்?"

பல்லக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னைப் பார்த்தா பச்சைத் தண்ணி மாதிரி இருக்கே தங்கச்சி. உள்ளே இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழந்தை முகத்தைத் துடைத்துவிட்டேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவர் எழுந்ததும் சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.

"பல்லக்காவுக்கு இங்கிலீஷ் கத்துக்கணுமாம். உங்ககிட்டதான் வேணுமாம்."

"என்கிட்டயா? ஏன்?"

"சுவர் வழியா நீங்க சொல்லித்தரதைக் கேட்டாங்களாம். இந்த மாதிரி விளக்கிச் சொல்ற ஆளே இல்லையாம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "சுவர் வழியா எல்லாமே கேட்குதா?"

"எல்லாமே."

"எறும்புமா?"

"அந்த நேரம் பார்த்து அவங்க வீட்டுல இல்லையாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்பு விரிந்தது. எறும்பு கடித்த இடம் வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. "வரச் சொல்லு" என்றார். "நோட்டு எல்லாம் வேணாம்னு சொல்லு. தலை போதும்."

தினமும் சாயங்காலம், அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வகுப்பு. முதல் நாளே பல்லக்கா அடித்து ஆடினாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். போஸ்ட்போன்னா என்ன?"

"போனுக்குப் பின்னாடி வந்தது. செல்போன்."

"அப்படியா? எங்க க்ளினிக்ல ஒருத்தர் வந்து, பல்லு பிடுங்குறதை போஸ்ட்போன் பண்ணுங்கன்னு கெஞ்சினாரே. செல்போன்லயா பிடுங்குவாங்க?"

அவர் இருமினார்.

"சரி, அது போகட்டும். ப்ரெசிடென்ட்? ப்ரீன்னா முன்னாடி, நீங்கதான் சொன்னீங்க. டென்ட்னா பல்லு, அது எனக்கே தெரியும், க்ளினிக்ல டென்டல்னு எழுதின போர்டைத் தினம் துடைக்கிறேனே. அப்போ ப்ரெசிடென்ட்னா முன்பல்லா தம்பி?"

"அது... அப்படி இல்லக்கா..."

"ஆக்சிடென்ட்லயும் பல்லு இருக்கே?"

"சில ஆக்சிடென்ட்ல உடையும்."

"ஸ்டூடென்ட்?"

"அக்கா, மணியாச்சு. ஷிப்ட்டு. நாளைக்கு ஆராய்ச்சி பண்ணிச் சொல்றேன்."

திரைக்கு இந்தப் பக்கம் நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் வழக்கத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தார். சட்டைக்குள் செங்கல் அளவுக்கு ஏதோ ஒன்று. "நெஞ்சு வலியாங்க?" என்று கேட்டேன். "வாயு" என்றார். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரத்தில் போர்வை ஒரு கூடாரம் மாதிரி எழும்பியது. உள்ளே செல்போன் வெளிச்சம். தாள் புரளும் சத்தம். அகராதி!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்க்காதது போலவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது பாரமாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வகுப்பில் குரலே மாறியிருந்தது.

"அக்கா, நேத்து உங்களைச் சோதிக்கத்தான் செல்போன்னு சொன்னேன். போஸ்ட்னா பின்னாடி. போன்ங்கறது லத்தீன்ல வைக்கிறது. பின்னாடி வைக்கிறது. அதாவது தள்ளிப் போடறது. அதே அர்த்தத்துல இன்னொரு வார்த்தை டிலே."

"அடேங்கப்பா! தலையை வச்சே கண்டுபிடிச்சீங்களா?"

"தலையை வச்சேதான்."

"அப்போ ப்ரெடிக்ட்?"

"நாளைக்கு."

இப்படியே நடந்தது. பல்லக்கா க்ளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற தாள், பேஸ்ட் டப்பா, ஊசி மருந்துப் பெட்டி, ஒன்றையும் விடாமல் வார்த்தை கொண்டுவந்தாள். இவர் பகலெல்லாம் கூடாரத்துக்குள் கிடந்து படித்தார். தூக்கம் பாதியானது. கண் சிவந்து, கன்னம் ஒட்டிப் போனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒருநாள் மனசு கேட்காமல், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றேன். "நான் என்ன, மற்றவங்க மாதிரி வார்த்தையா படிக்கிறேன்? தலைதானே?" என்றார். கூடாரத்துக்குள் போய்விட்டார்.

பரீட்சை வந்தது. எழுதினார். பாஸ்.

இனிப்பு டப்பாவோடு வந்து நின்றார். அவர் கம்பெனி டப்பாதான், மூடி அவர் மிஷினில் அழுத்தியது. "பார்த்தியா? ஒரு வார்த்தை மனப்பாடம் பண்ணல. வெறும் தலை!" என்றார்.

"ஆமாங்க" என்றேன். சொல்லியிருக்கலாம். போர்வைக்குள் நடந்ததை நான் பார்த்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஜெயித்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

பகல் வேலைக்கு அவர் போன முதல் நாள். கதவைச் சாத்தினேன். நடு ரூமில் குழந்தையை உட்கார வைத்தேன். "கத்துடி என் தங்கமே" என்றேன். அவள் நம்பவில்லை. நான் ஒரு தட்டை எடுத்துக் கீழே போட்டேன். டணங்! அவள் கண் விரிந்தது. இன்னொரு தட்டு. அவள் ஒரு கரண்டி. பிறகு இரண்டு பேரும் கத்தினோம். குக்கர் விசில் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா என்றாள். ஆமாம், அம்மா என்று அத்தனை சத்தமாகக் கூப்பிட்டாள்.

ஒரு வாரம். அவ்வளவுதான் எனக்கு விதித்தது.

அடுத்த வாரம் கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள். திறந்தால் பல்லக்கா. எல்லா மாடிக்கும் கேட்கிற பல்லக்கா, காற்றில் எழுதுகிற மாதிரி பேசினாள்.

"தங்கச்சி... கொஞ்சம் மெதுவா... எங்க வீட்டுக்காரர் இப்பதான் கண் அசந்தார்."

"பகல்லயா? உடம்பு சரியில்லையா அக்கா?"

"உங்க வீட்டுக்காரர் விட்டுட்டு வந்தாரே ஒரு மிஷின், அதுக்கு ஆள் வேணுமாம். நைட் ஷிப்ட்டுக்கு எங்க வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிக்கவும் முடியவில்லை. சிரித்தால் அந்த அண்ணன் எழுந்துவிடுவார்.

"நாமதானே தங்கச்சி இழுத்து விட்டுக்கிட்டோம்" என்றாள்.

இதற்கும் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த பரீட்சை வைப்பார்களாம், இன்னொரு மேஜை காலியாகிறதாம். அந்த அண்ணனையும் படிக்க வைத்தால் என்ன? கேட்டதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். "நானே சொல்லித்தரேன்" என்றார். தினமும் சாயங்காலம் வகுப்பு. பல்லக்கா தன் கைக்காசில் ஒரு அகராதி வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். இவர் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணே? நான் ஒரு நாளாவது இதைத் தொட்டிருப்பேனா? உங்க தங்கச்சியையே கேளுங்க. தலை போதும்."

அந்த அண்ணன் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். "அப்படியாம்மா?" என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன். என்ன செய்ய?

நேற்று அந்த அண்ணன் போஸ்ட்போன் என்றால் செல்போன் என்று பதில் சொன்னார். என் வீட்டுக்காரர், "சரிதான், கிட்டத்தட்ட வந்துட்டீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்படியே போனால் அந்த அண்ணன் பாஸ் ஆகப் போவதில்லை. சுவரோ அட்டை. பல்லக்கா க்ளினிக்கிலிருந்து வந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறாள். இங்கே துணி மடிக்கிற சத்தம்கூட அங்கே கேட்கிறது. அதனால் இன்றைக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும், காபி கொடுத்து, உட்கார வைத்து, பட்டென்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். என்னங்க, நீங்க பாஸ் ஆனது தலையால இல்ல, பல்லக்காவை அனுப்பினதே நான்தான், போர்வைக்குள்ள நீங்க படிச்சதை நான்... இதோ வரேன் அக்கா, கதவைத் தட்டாதீங்க, குழந்தை இல்ல அக்கா, நான்தான், பேனா கீழே விழுந்துடுச்சு, இனிமே மெதுவா